அந்தப் புழுவை உடனே நசுக்காதீங்க: கலிஃபோர்னியாவிலிருந்து நீலகிரி வரை ஒரு பொறிவண்டின் கதை

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து திருத்தி எழுதப்பட்டது. பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

கதைக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கேள்வி.

மொட்டை மாடியில ஒரு செம்பருத்திச் செடி. தண்டு பூரா மாவு அப்பின மாதிரி வெள்ளைப் பூச்சி. அதுக்கு நடுவுல, அதே வெள்ளை நிறத்துல, ஆனா மத்ததை விட ரெண்டு மூணு மடங்கு பெரிசா, ஜடாமுடி மாதிரி மெழுகு நூல் தொங்க ஒன்னு ஊர்ந்துட்டு இருக்கு. நீங்க முதல்ல எதை நசுக்குவீங்க?

பெரும்பாலானவங்க அந்தப் பெரிய ஆளைத்தான் நசுக்குவாங்க. இந்தக் கூட்டத்துக்கே இதுதான் தாதா போலன்னு தோணும். ஆனா அது தாதா இல்ல, மஃப்டியில வந்த போலீஸ். ஒரு பொறிவண்டோட புழு. சுத்தி இருக்கிற மாவுப்பூச்சிகளை ஒவ்வொன்னா தின்னுட்டு இருக்கு.

இன்னைக்கு எபிசோடு இந்த மாதிரி புழுக்களைப் பத்தி. செதில் பூச்சியைத் தின்னும் வண்டுகளை மனுஷங்க எப்படிக் கண்டுபிடிச்சாங்க, கப்பல்ல ஏத்தி எங்கெல்லாம் கொண்டு போனாங்க, அடையாளம் தெரிஞ்சதால ஒரு தொழிலே எப்படித் தப்பிச்சது, அதை மறந்தப்ப என்ன ஆச்சு. கடைசியில உங்க செடியில எது நண்பன், எது எதிரின்னு பார்க்க ஒரு செக்லிஸ்ட்டும் இருக்கு.

முதல்ல, செதில் பூச்சின்னா என்ன?

பார்த்தா பூச்சி மாதிரியே இருக்காது. கிளையில ஒட்டின சின்னச் சிப்பி, மெழுகுத் துளி, பஞ்சு, மாவு, இப்படித்தான் தெரியும். குஞ்சாக இருக்கும்போது கொஞ்ச தூரம் நடக்கும். அப்புறம் ஊசி போன்ற வாயைச் செடிக்குள் இறக்கிச் சாற்றை உறிஞ்ச ஆரம்பித்துவிடும். பல வகைகளில் பெண் பூச்சி அதற்குப் பிறகு இடத்தை விட்டு நகர்வதே இல்லை. மேலே மெழுகுக் கவசம் இருப்பதால் மருந்து அடித்தாலும் எளிதில் உள்ளே இறங்காது. நாம் மாவுப்பூச்சி என்று சொல்வதும் இந்தக் குடும்பத்தின் நெருங்கிய சொந்தம்தான்.

இன்றைய கதையின் வில்லன் பெயர் ஐசீரியா பர்சேசி. ஆரஞ்சு கலந்த பழுப்பு உடம்பு. அதன் பின்னால், உடம்பை விடப் பெரிதாக, வரிவரியாகக் கோடு போட்ட வெள்ளைப் பஞ்சுப் பை. அந்தப் பைக்குள் நூற்றுக்கணக்கில், சில நேரம் ஆயிரம் வரை முட்டைகள். இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பெண் மாதிரி தெரியும் இந்தப் பூச்சி உண்மையில் இருபால் உயிரி, தன்னைத் தானே கருவுறச் செய்துகொள்ளும். ஆண் பூச்சி அபூர்வம். அதாவது, ஒரு ஊருக்கு ஒரே ஒரு பூச்சி போனால் போதும். ஜோடி தேவையில்லை.

ஒரு செடியோடு வந்த விருந்தாளி

1868 வாக்கில், கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க் பகுதியில் இந்தப் பூச்சி முதலில் தெரிந்தது. ஆஸ்திரேலிய அக்கேசியா செடிகளோடு வந்திருக்க வேண்டும். அப்போது இதற்கு அறிவியல் பெயர்கூட இல்லை. பத்து வருஷம் கழித்து, நியூசிலாந்தில் கிடைத்த மாதிரிகளை வைத்துத்தான் மாஸ்கெல் என்பவர் பெயர் சூட்டினார்.

அந்தக் காலகட்டத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. தெற்குக் கலிஃபோர்னியாவில் ஆரஞ்சு ஒரு தங்க வேட்டை மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. ரயில் பாதை வந்துவிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸில் பறித்த பழத்தைக் கண்டத்தின் மறுபக்கத்தில் விற்க முடிந்தது. கடன் வாங்கித் தோட்டம் போட்டவர்கள் ஏராளம். அந்தத் தோட்டங்களுக்குள் ஐசீரியா நுழைந்தது. 1880களின் நடுவில் மரங்கள் பனி பெய்த மாதிரி வெளுத்துப்போய் நின்றன. பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவத்தின் மேல் கரும்பூசணம் படர்ந்து இலைகள் கறுத்தன. மண்ணெண்ணெய், சோப்பு எனப் பலதை அடித்துப் பார்த்தார்கள். சிலர் மரங்களையே வெட்டி எரித்தார்கள்.

அரசு வேளாண் துறையின் பூச்சியியலாளர் காக்கிலெட், 1886-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் உல்ஃப்ஸ்கில் குடும்பத்தின் தோட்டத்தில் ஒரு முறையைச் சோதித்தார். மரத்தின் மேல் கூடாரத் துணியைப் போர்த்தி, உள்ளே சயனைடு வாயுவை நிரப்புவது. வேலை செய்தது. ஆனால் ஒவ்வொரு மரமாகச் செய்ய வேண்டும், செலவு அதிகம், ஆளுக்கும் ஆபத்து. இந்தக் கூடாரத்தையும் தோட்டத்தையும் ஆளையும் நினைவுல வச்சுக்கோங்க. மூணும் திரும்ப வரப் போகுது.

ஒரு கேள்வியும் ஒரு தடையும்

வாஷிங்டனில் பூச்சியியல் பிரிவின் தலைவராக இருந்தவர் சார்லஸ் ரைலி. அவர் எளிமையான கேள்வி ஒன்றைக் கேட்டார். ஆஸ்திரேலியா இதன் சொந்த ஊர் என்றால், அங்கே ஏன் இது பெரிய தொல்லையாக இல்லை? யாரோ அங்கே இதைக் கட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். யார் அது?

நம்ம பாஷையில சொன்னா, ஒரே கோட் ஒரு சர்வர்ல ஒழுங்கா ஓடுது, இன்னொரு சர்வர்ல கிராஷ் ஆகுது. அப்போ கோடை மட்டும் பார்த்துப் பிரயோஜனமில்ல. ரெண்டு இடத்துக்கும் என்ன வித்தியாசம்னு பார்க்கணும்.

அடிலெய்டில் இருந்த ஃப்ரேசர் கிராஃபோர்டு என்பவர் ஏற்கெனவே ஒரு துப்பு கொடுத்திருந்தார். ஐசீரியாவின் உடம்புக்குள் முட்டையிட்டு வளரும் ஒரு குட்டி ஈ. ரைலியின் நம்பிக்கை அந்த ஈ மேல்தான். ஆனால் ஆளை அனுப்ப வழியில்லை. பூச்சியியல் பிரிவுக்கு ஒதுக்கும் பணத்தில் வெளிநாட்டுப் பயணம் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் நிபந்தனை போட்டிருந்தது.

வழி வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1888-ல் மெல்போர்னில் ஒரு சர்வதேசப் பொருட்காட்சி. அமெரிக்கக் குழுவை அனுப்புவது வெளியுறவுத் துறை. அந்தக் குழுவின் பணத்தில் ஒரு பூச்சியியலாளரையும் சேர்த்து அனுப்பினார்கள். ஜெர்மனியில் பிறந்த ஆல்பர்ட் கீபலே. 1888 ஆகஸ்ட் 25 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் கப்பல் ஏறினார்.

அக்டோபர் 15, வடக்கு அடிலெய்டு

கீபலே தேடிப் போனது ஈ. அது கிடைத்தது. ஐசீரியா ஒட்டிய கிளைகளோடு சேகரித்துப் பெட்டிகளில் அடைத்து அனுப்ப ஆரம்பித்தார். 1888 அக்டோபர் 15 அன்று, வடக்கு அடிலெய்டின் ஒரு தோட்டத்தில், சிவப்பும் கறுப்புமாக ஒரு சின்னப் பொறிவண்டு பெரிய ஐசீரியா ஒன்றைத் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்தார். மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம், உடம்பெல்லாம் மெல்லிய ரோமம். பிற்பாடு உலகம் பூராவும் இதை வெடாலியா என்று கூப்பிட்டார்கள். அறிவியல் பெயர் நெடுங்காலம் ரொடோலியா கார்டினாலிஸ். இப்போது நோவியஸ் என்ற பேரினத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

இங்கதான் நான் கொஞ்சம் நிறுத்தச் சொல்வேன். ஏன்னா, கீபலேவுக்குக் கொடுத்த டிக்கெட்டில் இந்த வண்டு இல்லை. அவர் ஈயை மட்டும் பார்த்துவிட்டு வந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் நின்று, எது எதைத் தின்கிறது என்று பார்த்தார். கிடைத்ததையும் பெட்டியில் போட்டார்.

ஐஸ் அறையில் வைத்த பெட்டிகள், சுமார் ஒரு மாதக் கடல் பயணம். நவம்பர் 30 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் உயிரோடு வந்து சேர்ந்தவை 28 வண்டுகள். டிசம்பர் 29-ல் 44. ஜனவரி 24-ல் 57. மொத்தம் 129.

வாங்கிக்கொண்டவர் யார்? அதே காக்கிலெட். எங்கே விட்டார்? அதே உல்ஃப்ஸ்கில் தோட்டத்தில், ஐசீரியா அப்பிய ஒரு ஆரஞ்சு மரத்தின் மேல் கூடாரத்தைப் போர்த்தி, உள்ளே. இரண்டு மூன்று வருஷத்துக்கு முன் சயனைடு நிரப்பப்பட்ட அதே மாதிரிக் கூடாரத்துக்குள் இந்த முறை வண்டுகள்.

ஏப்ரல் மாதம் கூடாரத்தின் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டார்கள். அந்த மரத்தில் ஐசீரியா கிட்டத்தட்ட காலி. வண்டுகள் அடுத்த மரங்களுக்குப் பரவின. 1889 ஜூன் 12-க்குள் 228 தோட்டக்காரர்களுக்கு 10,555 வண்டுகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் ஐசீரியா ஒரு பெரிய பிரச்சினையாக இருப்பதே நின்றுபோனது. லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்திலிருந்து போன ஆரஞ்சு ஒரே வருஷத்தில் 700 ரயில் வண்டிப் பெட்டிகளிலிருந்து 2,000 ஆக உயர்ந்தது என்று பூச்சியியல் வரலாறுகளில் பதிவாகியிருக்கிறது. இத்தனைக்கும் ஆன மொத்தச் செலவு 5,000 டாலருக்கும் கீழே. தோட்டக்காரர்கள் நன்றியாகக் கீபலேவுக்கு ஒரு தங்கக் கடிகாரமும், அவர் மனைவிக்கு வைரத் தோடும் கொடுத்தார்கள்.

கீபலே தேடிப் போன அந்த ஈயும் சும்மா இருக்கவில்லை. கலிஃபோர்னியாவின் கடலோரப் பகுதிகளில் அது இன்றும் ஐசீரியாவைக் கட்டுப்படுத்துகிறது.

வண்டு தெரியும், புழு தெரியுமா?

சிவப்பு கறுப்புப் பொறிவண்டை எல்லாருக்கும் தெரியும். குழந்தைகளோட புத்தகத்துலகூட இருக்கும். ஆனா அதே பூச்சி புழுவா இருக்கும்போது அடையாளமே தெரியாது. தீனியில பெரும் பங்கு நடக்கிறதோ அந்தப் பருவத்துலதான்.

வெடாலியா தன் சின்னச் சிவப்பு முட்டைகளை ஐசீரியாவின் மேலேயோ, அந்தப் பஞ்சுப் பையின் மேலேயோ இடும். பொரிந்து வரும் குட்டிப் புழுவும் சிவப்பு. நேராகப் பையைத் துளைத்து உள்ளே போய் முட்டைகளைத் தின்னும். வெளியே நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. கொஞ்சம் வளர்ந்ததும் இளஞ்சிவப்பு உடம்பு, கறுப்புத் திட்டுகள், நடுவில் அகன்று வாலில் கூம்பிய வடிவம், ஆறு தெளிவான கால்கள். இப்போது எல்லாப் பருவப் பூச்சியையும் தின்னும். பிறகு இலையில் வாலை ஒட்டிக்கொண்டு, கடைசித் தோலுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகும். முதுகில் அந்தத் தோல் பிளந்து உள்ளே சிவப்பாகத் தெரியும். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து வண்டு வரை மூன்று நான்கு வாரம்தான். அந்த நேரத்தில் ஐசீரியா ஒரு தலைமுறையைக்கூட முடிக்காது. ஓட்டப் பந்தயத்தில் வண்டு ஜெயிப்பது இப்படித்தான்.

ஆக, பஞ்சுப் பையில் சிவப்பாகப் புழு நெளிவதைப் பார்த்து "ஐயோ, இது வேறயா" என்று மருந்து அடித்தால், அழிவது நம்ம பக்கத்து ஆள்.

மாறுவேடப் புழு

வெடாலியாவின் வெற்றிக்குப் பிறகு எல்லாருக்கும் பொறிவண்டு மேல் ஒரு மோகம். கீபலே 1891-ல் மறுபடி ஆஸ்திரேலியா போனார். இந்த முறை பல வகை வண்டுகளை அனுப்பினார். நிலைத்தவை கொஞ்சம்தான். அதில் ஒன்று கிரிப்டோலீமஸ். ஆரம்பத்தில் நாம் பார்த்த ஜடாமுடிப் புழு இதனுடையதுதான்.

வளர்ந்த வண்டு நாலு மில்லிமீட்டர்தான். கருத்த இறக்கைகள், தலையும் வால் பக்கமும் ஆரஞ்சு. புழுவோ ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளரும், உடம்பு பூரா வெள்ளை மெழுகு. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும், கிட்டே வரும் எதிரிகளைத் துரத்தும். வெள்ளைக் கோட்டு போட்ட இந்தப் புழுவை மட்டும் எறும்புகள் அவ்வளவாகத் தொல்லை செய்வதில்லை. எறும்பை ஏமாற்றப் போட்ட வேஷம், நம்மையும் ஏமாற்றிவிடுகிறது.

இந்த வண்டு 1898-லேயே தென்னிந்தியாவுக்கு வந்துவிட்டது. காபிச் செடியின் பச்சைச் செதில் பூச்சியை அழிக்க ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தார்கள். அந்த வேலையில் அது சோபிக்கவில்லை, ஏனென்றால் அதற்குப் பிடித்த சாப்பாடு மாவுப்பூச்சி. பொறிவண்டு என்றால் எல்லாச் செதில் பூச்சியையும் தின்னும் என்ற கணக்கு அங்கே தப்பாகிப்போனது. ஆனால் வண்டு இங்கேயே தங்கிவிட்டது. இன்றைக்கு நம் ஊர் ஆய்வகங்களில் பரங்கிக்காய் மேல் மாவுப்பூச்சியை வளர்த்து, அதில் இந்த வண்டைப் பெருக்கி, திராட்சை, கொய்யாத் தோட்டங்களுக்குக் கொடுக்கிறார்கள்.

நீலகிரியில் மூன்று ஆஸ்திரேலியர்கள்

1928-ல் நம்ம நீலகிரியிலேயே ஐசீரியா தெரிந்தது. எதன் மேல்? வாட்டில் மரத்தின் மேல், மலையில் சீகை மரம் என்று சொல்வார்கள். விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்ட ஆஸ்திரேலிய மரம். மரமும் ஆஸ்திரேலியா, பூச்சியும் ஆஸ்திரேலியா. அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் கலிஃபோர்னியாவிலிருந்தும் எகிப்திலிருந்தும் வெடாலியாவை வரவழைத்து, பெருக்கி, மலையில் விட்டார்கள். பூச்சி அடங்கியது. பிற்பாடு கொடைக்கானல் பக்கம் பரவியபோதும் இதே வண்டுதான் போனது.

அன்றைக்குக் காப்பாற்றப்பட்ட அந்த வாட்டில் மரத்தைத்தான் இன்றைக்கு, மலைப் புல்வெளிகளை விழுங்கும் அயல் மரம் என்று வெட்டி அகற்றிக்கொண்டிருக்கிறோம். வரலாறு இப்படித்தான் நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

மருந்து வந்தது, வண்டு போனது

இனி கதையின் கசப்பான பகுதி. 1940களின் நடுவில் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் டிடிடி அடிக்க ஆரம்பித்தார்கள். அடித்தது வேறு பூச்சிகளுக்காக. ஆனால் வெடாலியா செத்தது, ஐசீரியா பிழைத்தது. ஐம்பது வருஷத்துக்கும் மேலாக யாரும் கவலைப்படாத பூச்சி, மரங்களை மறுபடி வெள்ளையாக்கியது. தோட்டக்காரர்கள் ஒரு வண்டுக்கு ஒரு டாலர் வரை கொடுத்து வாங்கித் திரும்ப விட்டார்கள். மருந்தடிப்பை மாற்றிய பிறகுதான் நிலைமை சரியானது.

நல்லா ஓடுற சிஸ்டத்துல ஒரு பழைய சர்வீஸ் பின்னாடி சத்தமில்லாம வேலை செஞ்சுட்டு இருக்கும். யாருக்கும் அது என்னன்னு ஞாபகம் இருக்காது. ஒரு நாள் யாரோ அதை நிறுத்துவாங்க. அப்புறம்தான் அது என்ன வேலை பார்த்துச்சுன்னே தெரியும். வெடாலியாவோட நிலைமை அதுதான். அது ஜெயிச்சதாலேயே மறக்கப்பட்டது.

அதே வண்டை எங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு விடவும் கூடாது. கலாபகோஸ் தீவுகளில் 1982-ல் ஐசீரியா வந்து, அங்கே மட்டுமே வளரும் செடிகளைத் தாக்கியது. ஆனால் வெடாலியாவை விட்டது 2002-ல்தான். அது அந்தத் தீவின் சொந்தப் பூச்சிகளைத் தின்றுவிடாதா என்று பல வருஷம் சோதித்துவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தார்கள். 1888-ல் கீபலேவிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

உங்க செடிக்கான செக்லிஸ்ட்

சரி, இப்ப மாடிக்கு வருவோம். செல்போன் கேமராவை ஜூம் பண்ணுங்க, அது போதும்.

ஒன்று, அளவு. கூட்டத்தில் ஒன்று மட்டும் ரெண்டு மூணு மடங்கு பெரிசா, மெழுகு நூல் நீளமா, கலைஞ்சு கிடந்தா சந்தேகப்படுங்க. மாவுப்பூச்சியின் நூல்கள் குட்டையா, ஓரத்தில் ஒரே சீரா இருக்கும்.

இரண்டு, வேகம். ஒரு குச்சியால் மெதுவா தொடுங்க. மாவுப்பூச்சி சோம்பேறி. வேட்டைக்காரன் விறுவிறுன்னு நடப்பான்.

மூன்று, அடிப்பக்கம். குச்சியில் ஏத்தித் திருப்பிப் பாருங்க. முன்பாதியில் ஆறு வலுவான கால், முன்னாடி கடிக்கும் வாய் இருந்தா அது வண்டுப் புழு. மாவுப்பூச்சிக்கு இருப்பது குத்தி உறிஞ்சும் ஊசி வாய்.

நான்கு, இதுதான் முக்கியம்: தட்டுல என்ன இருக்கு? பிய்ந்த பஞ்சுப் பை, காலியான செதில் ஓடு கிடந்தால் நண்பன். இலையைச் சுரண்டி வலை மாதிரி ஆக்கியிருந்தால் எதிரி. ஏன் இதைச் சொல்றேன்னா, பொறிவண்டுக் குடும்பத்திலேயே சைவக்காரங்க இருக்காங்க. கத்தரிச் செடியில் மஞ்சளா, முள் முள்ளா ஒரு புழு இலையைச் சுரண்டும், பார்த்திருப்பீங்க. எபிலாக்னா வண்டோட புழு. அதேபோல முள் உள்ள இன்னொரு புழு தென்னை, கரும்புச் செதில் பூச்சிகளைத் தின்னும் கைலோகோரஸ். முள்ளை வைத்து மட்டும் தீர்ப்புச் சொன்னால் ஒருத்தன் அநியாயமாகத் தண்டனை வாங்குவான்.

ஐந்து, எறும்பு. தண்டில் எறும்பு வரிசை ஏறுகிறதா? முதலில் அதைத் தடுங்க. காவலாளி போனால் வேட்டைக்காரர்களுக்கு வேலை சுலபம்.

நண்பன் இருக்கிறதாத் தெரிஞ்சா அந்தக் கிளையில வேப்பெண்ணெய்கூட அடிக்க வேண்டாம், ஒரு வாரம் விட்டுப் பாருங்க. இல்லைன்னு தெரிஞ்சா தாராளமா தண்ணியைப் பீச்சி அடிங்க, கிளையை வெட்டுங்க. நான் மருந்தே கூடாதுன்னு சொல்லலை. அடிக்கிறதுக்கு முன்னாடி அங்க யார் யார் இருக்காங்கன்னு பத்து நிமிஷம் பாருங்கன்னுதான் சொல்றேன்.

உங்க செடியில சந்தேகமான புழு ஏதாவது இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க. அது எதைத் தின்னுட்டு இருந்துச்சுங்கிறதையும் சேர்த்து எழுதுங்க, அது இல்லாம பாதிக்கு மேல பதில் சொல்ல முடியாது.